ரத்தம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை

சென்ற மாதம் இந்தப் பகுதியில் இலவச மருத்துவ முகாம்கள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "ஆராய்ச்சிக்கென்று ரத்தம் கொடுத்தால் அதன் முடிவையும் கேட்டு வாங்குங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். முகாம்களைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவையே அதிகம். ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். மருத்துவ ஆராய்ச்சியில் நோயாளிகளுக்கும் ஊர் மக்களுக்கும் என்ன இடம், அந்த இடம் எந்தக் கட்டத்தில் தரப்பட வேண்டும் என்பதைத்தான் வாசகர்கள் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். காசநோய்க் களப்பணியில் பல ஆண்டுகள் சைக்கிளில் சுற்றியவன். பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியில், ஆராய்ச்சித் திட்டங்களைப் பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் பொது உறுப்பினராக அமர்ந்திருந்தவன். என் பதில்களை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 600 பேரிடம் ரத்தம் எடுத்து, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் மூன்றையும் ஆராயப் போவதாக ஒரு கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள். "ஊர் சார்பில் சம்மதம்" என்று ஒரு தாளில் என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். நான் வார்டு உறுப்பினர். போடலாமா?
— ஒரு வாசகி, செங்கம்

பதில்: போடலாம் அம்மா, ஆனால் அந்தக் கையெழுத்து எதற்கானது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். அவர்கள் ஊருக்குள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, மக்களிடம் பேசுவதற்கு ஊராட்சியின் சார்பில் நீங்கள் தரும் அனுமதி அது, அவ்வளவுதான். அந்த 600 பேரில் ஒருவருடைய விரலைத் தொடுவதற்குக்கூட அது போதாது. ஒவ்வொருவரும் விவரத்தைக் கேட்டு, வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்புப் பெற்று, தாமாகவே கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். கைநாட்டு இடுபவருக்கு ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன: ஊர்ப் பெரியவரின் இசைவு தேவைப்படும் இடங்களிலும்கூட, அது தனி மனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது.

ஒருவர் பலருக்காகக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பக்கத்து மாநிலத்தில் பார்த்துவிட்டோம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்றை, 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் மாநில அரசுகளோடும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து, 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் தொடங்கியது. கம்மத்தில் பல சிறுமிகள் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அவர்களுடைய பெற்றோரைத் தேடிப் போகாமல், விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களுமே படிவங்களில் கையெழுத்திட்டிருந்தது பிறகு தெரியவந்தது. இரு மாநிலங்களிலுமாக 7 சிறுமிகள் இறந்த செய்தி பரவ, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறையை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியில் குற்றம் இல்லாவிட்டாலும், கேட்காமல் போட்டார்கள் என்ற பேச்சு நின்றுவிட்டது. பின்னாளில் அதன் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட தாய்மார்களை நானே கண்டிருக்கிறேன்.

ஆகவே கையெழுத்துக்கு முன் அவர்களை உட்காரவைத்துச் சிலவற்றைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா, அதன் நகலை ஊராட்சி அலுவலகத்தில் வைப்பார்களா என்று கேளுங்கள். புது மருந்தோ புதுச் சிகிச்சை முறையோ சோதிக்கப்படுகிறது என்றால், மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டில் அது பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒருவருக்குச் சர்க்கரை 300 இருப்பது தெரிந்தால் மறுநாள் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவருடைய முடிவுத்தாள் அவர் கையில் எத்தனை நாளில் வரும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் தகவல் சொல்வார்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் அவர் பெயர் சேருமா என்பதற்கெல்லாம் தெளிவான பதில் இல்லையென்றால், 600 பேரின் எண்களை எழுதிக்கொண்டு ஒரு வேன் ஊரைவிட்டுப் போகப் போகிறது என்றுதான் பொருள்.

கேள்வி: முதுநிலை செவிலியர் படிப்பில் ஆய்வு செய்கிறேன். ஆய்வுத் திட்டத்தில் 'ஸ்டேக்ஹோல்டர்' பங்கேற்பைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் எழுத வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. இதற்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன? கேள்வித்தாள் தயாராகிவிட்டது. ஊரில் ஒரு கூட்டம் போட்டால் போதுமா?
— ஒரு மாணவி, மதுரை

பதில்: சொல்லில் தொடங்குவோம். 'பங்குதாரர்' என்று பலரும் எழுதுகிறார்கள். அச்சொல்லைக் கேட்டால் எனக்குக் கம்பெனிப் பங்குதான் நினைவுக்கு வருகிறது. ஊர்க் கூட்டத்தில் சொன்னால் பணம் போடச் சொல்கிறார்கள் என்று எழுந்து போய்விடுவார்கள். 'தொடர்புடையோர்' தவறில்லை, ஆனால் உயிரில்லாத சொல். நான் பேச்சில் 'உரியவர்கள்' என்றே சொல்வது வழக்கம். நோய் யாருக்கு உரியது, உடம்பு யாருக்கு உரியது, ஆய்வின் முடிவால் வாழ்க்கை மாறப்போவது யாருக்கு என்று கேட்டுப் பார்த்தால் நோயாளி, வீட்டில் பார்த்துக்கொள்பவர், கிராம சுகாதார செவிலியர், மருந்து வாங்கித் தர வேண்டிய அரசு அதிகாரி என்று பட்டியல் தானாக நீளும்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கேள்வித்தாள் தயாரான பிறகு போடும் கூட்டத்தில் மக்கள் செய்யக்கூடியது தலையாட்டுவது ஒன்றுதான். என்ன ஆராய வேண்டும் என்பதே முடிவாகாத நேரத்தில் கேட்பதுதான் கேட்பது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியரான அபய் பங்கும் ராணி பங்கும் 1986-இல் 'சர்ச்' (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கியபோது, முதலில் கையிலெடுத்த பொருள்களில் ஒன்று, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் வடிவ ரத்தசோகை. பழங்குடி மக்களிடம் ரத்தம் சேகரித்து, அந்த நோய் அங்கே பரவலாக இருப்பதைக் கண்டறிந்தார்கள். மருத்துவ உலகத்துக்கு அது பெரிய செய்தி. ஆனால் ஊரில் யாரும் அதைத் தேடி வரவில்லை. அது மக்களின் தேவையாக இல்லை, ஆராய்ச்சியாளரான தம்முடைய தேவையாகத்தான் இருந்தது என்று அபய் பங் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பிறகு பழங்குடிக் கிராமங்களின் சுகாதாரக் கூட்டங்களைக் கூட்டி, உங்களை வருத்துவது எது என்று கேட்டபோது வந்த பதில்களில் ஒன்று முதுகுவலி. குனிந்து நாற்று நட்டு, தலைச்சுமை தூக்கி வாழ்கிறவர்களுக்கு அது வயிற்றுப்பாட்டையே தொடுகிற நோய். எந்த மருத்துவ நூலும் அதைக் கிராமத்தின் தலையாய நோயாகச் சொன்னதில்லை; கேட்டதனால்தான் அதுவும் ஆய்வுப் பொருளாயிற்று.

மருத்துவமனை கட்டும்போதும் இதே கதைதான். பெரிய கட்டடமும் வெள்ளை உடையும் எங்களுக்கு அச்சம் தருகின்றன, இறந்தவருக்குத்தான் வெள்ளை போர்த்துவோம் என்று அந்த மக்கள் சொன்னார்கள். நோயாளியோடு உறவினர் தங்க இடமில்லாததும் அவர்களுக்குப் பெருங்குறை. அதன் பிறகு குடிசைகளைப் போலவே சிகிச்சைக் கூடங்கள் எழுந்தன. அவர்களுடைய தெய்வமான தந்தேஸ்வரியின் பெயர் மருத்துவமனைக்கு வைக்கப்பட்டது. இதையெல்லாம் வெறும் நல்லெண்ணம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதே கட்சிரோலியில், ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து பிறந்த குழந்தையை வீட்டிலேயே கவனிக்கும் முறையை வகுத்து, பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் நிறுவினார்கள். ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய் எடை பார்க்கும் திட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஆய்வு சிறியது. கட்சிரோலி அளவுக்கு நேரமும் பணமும் உங்களிடம் இராது. கேள்வித்தாளை நான்கு பேரிடம் படித்துக்காட்டி, எந்தக் கேள்வி வேண்டாதது, எது விட்டுப்போயிற்று என்று கேட்டுத் திருத்துங்கள். பிறகு என்னென்ன திருத்தினீர்கள் என்பதைப் பத்தியில் எழுதுங்கள். ஒன்றுமே திருத்தவில்லை என்றால் அந்தப் பத்தியை எழுதாமல் விடுவது நேர்மை.

கேள்வி: நாங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசனைக் குழு அமைத்திருக்கிறோம். எப்போது கூட்டம் போட்டாலும் அதே ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: கூட்டத்தை எங்கே போடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று எழுதியிருந்தால் பதில் இன்னும் எளிதாக இருந்திருக்கும். என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் காசநோய் பற்றி ஓர் ஊரில் கூட்டம் நடத்தினோம். பிள்ளையார் கோயில் மண்டபம், காலை 11 மணி. தலைவர் வந்தார், உரக்கடைக்காரர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார், வெற்றிலை போட்டுக்கொண்டு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். எங்கள் பதிவேட்டில் இருந்த 14 நோயாளிகளில் 11 பேர் காலனியைச் சேர்ந்தவர்கள், ஒருவர்கூட வரவில்லை. கோயில் மண்டபத்தில் அவர்கள் காலடி வைத்ததே இல்லை என்பதை நாங்கள் கேட்கவில்லை, மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் சொல்லவில்லை. அதோடு அது நூறு நாள் வேலை நடந்த வாரம். 11 மணிக்கு வர வேண்டுமென்றால் அன்றைய கூலியை விட வேண்டும்.

அடுத்த கூட்டத்தை ஏரிக்கரையில், வேலை நடக்கும் இடத்திலேயே, சாப்பாட்டு நேரத்தில் வைத்தோம். பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார்கள். மாத்திரையை ஏன் நடுவில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. மறதி, குடிப்பழக்கம் என்று நாங்களே விடைகளை எழுதி வைத்திருந்தோம். ஒரு பெண் சொன்னார்: "மாத்திரை போட்டா பசி எடுக்குதுங்க. பசி எடுத்தா எதைத் திங்கிறது?" அந்த வாக்கியத்துக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. இதே பசியைத்தான் பின்னாளில் ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு எண்களால் காட்டியது. நம் சென்னைச் சேத்துப்பட்டுத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கெடுத்த ஆய்வு அது. நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, கொடுக்காத வீடுகளைவிட அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

ஆகவே வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் ஏழெட்டுப் பேர் யார் யார் என்று சாதி, தெரு, ஆண், பெண் என ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு அந்த நோய் யாருக்கு அதிகம் வருகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள். ஊர்த் தலைவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவரை விட்டால் அடுத்த முறை ஊருக்குள் நுழைய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: பொதுமக்களைக் கலந்துகொண்டு ஆராய்ச்சி செய்வது என்பது இப்போதைய நாகரிகமாகிவிட்டது. அறிவியல் என்பது வாக்கெடுப்பு அல்ல. புள்ளியியலோ உடலியலோ தெரியாதவர்கள் ஆய்வில் தலையிட்டால் தரம் கெடாதா?
— ஒரு மருத்துவர், கோயம்புத்தூர்

பதில்: டாக்டர், உங்கள் அச்சத்தில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எத்தனை பேரைச் சேர்த்தால் முடிவு நம்பத் தகுந்ததாகும் என்பதை ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்ய முடியாது. யாருக்கு எந்த மருந்து என்பதைத் தற்செயலாகப் பிரிக்கும் இடத்தில், "எங்க தெருவுக்குப் புது மருந்தையே கொடுங்க" என்ற கோரிக்கைக்கும் இடமில்லை. ஆனால் எதை ஆராய்வது, எதை அளப்பது, எது நடைமுறைக்கு ஒத்துவரும் என்ற மூன்றும் புள்ளியியல் கேள்விகள் அல்லவே.

எதை அளப்பது என்பதற்கு முடக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீங்கிய மூட்டுகள் எத்தனை, வலி எவ்வளவு, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பல ஆண்டுகள் அளந்துகொண்டிருந்தார்கள். இந்நோய்க்கான ஆய்வுகளில் எவற்றை அளக்க வேண்டும் என்று வகுக்கும் 'ஒமெராக்ட்' என்ற பன்னாட்டுக் கூட்டத்துக்கு 2002-இல் முதன்முறையாக நோயாளிகளையும் அழைத்தார்கள். அவர்கள் சொன்னது, எங்களை முடக்கிப்போடுவதில் பெரும்பங்கு அசதிக்கு உண்டு, அதை நீங்கள் கேட்பதே இல்லை என்பது. அதன் பிறகு சில ஆண்டுகளில், முடக்குவாத ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை வந்தது. இதில் அறிவியல் கெடவில்லை, விட்டுப்போன ஒன்று சேர்ந்தது.

கடுமையான ஆய்வு முறையும் மக்கள் பங்கேற்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதும் சரியல்ல. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் 'ஏக்ஜுட்' என்ற அமைப்பு லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2005 முதல் 2008 வரை நடத்திய சோதனையில் 36 ஊர்த்தொகுதிகளைச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பெண்கள் குழுக்களாக மாதம் ஒருமுறை கூடினார்கள். பிறந்த குழந்தை ஏன் இறக்கிறது என்பதைப் படங்களையும் கதைகளையும் வைத்துத் தாமே பேசி, என்ன செய்வது என்பதையும் தாமே முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் நிறைய. மூன்றாண்டுகளில் அந்தப் பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது; கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 45 சதவீதம். 2010-இல் 'லான்செட்' இதழில் வந்த அந்தக் கட்டுரையை நீங்கள் உங்கள் கண்ணாலேயே சோதித்துப் பார்க்கலாம். அங்கே மக்களின் பேச்சே மருந்தாகச் சோதிக்கப்பட்டது.

இன்னொன்று நம் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரைக் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை நெரிசலான அவர்களுடைய வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களை மூடவைத்த காரணங்களில் ஒன்று. அந்நாளில் யாரும் நோயாளிகளைக் கூப்பிட்டுக் குழு அமைக்கவில்லை என்பதால் இதைப் பங்கேற்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவன் ஓராண்டு படுக்கையில் கிடந்தால் அடுப்பு எரியாது என்ற நோயாளியின் கணக்குத்தான் அந்த ஆராய்ச்சிக் கேள்வியின் அடியில் இருந்தது. அந்தக் கணக்கு ஆய்வாளரின் காதுக்குத் தற்செயலாக எட்டும்வரை காத்திருக்க வேண்டுமா, வழி அமைத்துக் கேட்கலாமா என்பதுதான் உங்களுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு.

கேள்வி: சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் என் அம்மா ஏதோ ஓர் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தார். முடிவு வரவே இல்லை. அம்மாவும் இப்போது இல்லை. அந்த ரத்தம் எங்கே இருக்கும்? வேறு எதற்காவது பயன்படுத்தியிருப்பார்களா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: எடுத்த நோக்கத்துக்கு அது செலவாகியிருக்கலாம், உறைபெட்டியில் இன்னும் இருக்கவும் கூடும். அம்மாவிடம் கொடுத்த தகவல் தாளின் நகல் வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். அதில் நெறிமுறைக் குழுவின் முகவரி இருக்கும். குழுவின் செயலருக்கு எழுதிக் கேட்கலாம்.

இந்தக் கேள்வி கிளப்பக்கூடிய நெருப்புக்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. அரிசோனாவின் பெரும் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவசுப்பாய் என்ற சிறு பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். அது ஏன் என்று அறிவதற்காக, 1990 முதல் அரிசோனா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோயையும், உறவுக்குள் மணம் செய்வதையும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்தது பல ஆண்டுகள் கழித்தே அவர்களுக்குத் தெரியவந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றினோம் என்பது அவர்களுடைய நம்பிக்கை; வேறெங்கிருந்தோ வந்தவர்கள் என்று தங்கள் ரத்தத்தைக் கொண்டே எழுதப்பட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. வழக்கு நடந்தது. 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உறைந்திருந்த ரத்த மாதிரிகளை அந்தக் குடியைச் சேர்ந்தவர்களே நேரில் வந்து, பிரார்த்தனை செய்து, எடுத்துப்போனார்கள்.

இப்போது நம் நாட்டு நெறிமுறைகளின்படி, மாதிரியைச் சேமித்து வைப்பதற்கும் பிற்கால ஆய்வுக்குப் பயன்படுத்துவதற்கும் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். படிவத்தில் அந்த வரிக்கு நேராக 'இல்லை' என்று குறித்துவிட்டு, ஆய்வில் மட்டும் சேர்ந்துகொள்ளலாம். பலருக்கும் இது தெரிவதில்லை. தெரிய வேண்டும் என்று அக்கறை காட்டும் களப்பணியாளர்களும் குறைவு.

கேள்வி: நான் மலைக்கிராமங்களில் ஆய்வுக் களப்பணியாளராக இருக்கிறேன். "உங்களுக்கு ரத்தம் குடுத்தா எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று நேரடியாகக் கேட்கிறார்கள். பணம் கொடுத்தால் லஞ்சம் ஆகாதா?
— ஒரு வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: கேட்கிறவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். அரை நாள் கூலி, பேருந்துக் கட்டணம், சாப்பாடு ஆகியவற்றைக் கொடுப்பது லஞ்சம் அன்று. நம் நெறிமுறைகளே அதை அனுமதிக்கின்றன. ஆபத்துள்ள ஒன்றுக்கு, வறுமை காரணமாக மறுக்க முடியாத அளவுக்குத் தொகை கொடுப்பதுதான் தவறு. எவ்வளவு என்பதை நீங்கள் களத்தில் முடிவு செய்யக் கூடாது. நெறிமுறைக் குழு முன்கூட்டியே பார்த்து ஒப்ப வேண்டும். மருந்துச் சோதனையாக இருந்து அதனால் பாதிப்பு நேர்ந்தால், இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி அவர்களுடைய உரிமை. அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: லண்டனில் 30 ஆண்டுகளாக இருக்கிறோம். என் கணவருக்குச் சர்க்கரை நோய். நோயாளிகள் ஆலோசனைக் குழுவில் சேரச் சொல்லி மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நமக்கு எதற்கு என்கிறார். என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகி, ஹாரோ

பதில்: சேரச் சொல்லுங்கள். ஆராய்ச்சியில் பொதுமக்களைச் சேர்ப்பதற்கென்று 1996-இலேயே அரசு ஆதரவோடு ஓர் அமைப்பை ஏற்படுத்திய நாடு அது. கூட்டத்துக்கு வருகிறவருக்கு நேரத்துக்கான தொகை தருவதும் அங்கே வழக்கம். சோற்றைக் குறைக்கச் சொல்லும் ஓர் ஆலோசனைத் தாளை நம்மவர் ஒருவர் படித்துப் பார்த்தால்தான், இட்லியும் சோறுதான் என்பதை அதில் எழுத வேண்டும் என்று சொல்ல முடியும்.

கேள்வி: நெறிமுறைக் குழுவில் பொது உறுப்பினர் என்று ஒருவர் இருப்பாராமே? அவருக்கு அங்கே என்ன வேலை? பெயருக்குத்தானா?
— ஓர் ஆசிரியர், அரூர்

பதில்: பெயருக்கு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு, சில கூட்டங்களில் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். நம் விதிகளின்படி குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர் ஒருவர், சமூகவியலோ அறவியலோ அறிந்தவர் ஒருவர், பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். பொது உறுப்பினரின் முதல் வேலை, தமிழ்ப் படிவத்தைப் படித்துவிட்டுப் புரியவில்லை என்று சொல்வது. கூச்சத்தை விட்டால் போதும், படிப்பு தேவையில்லை.

ஒரு முறை, காலில் ஆறாத புண்ணுக்கான புதுக் களிம்பு ஒன்றைச் சோதிக்கும் திட்டம் வந்தது. தமிழ்ப் படிவத்தில், "பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு கரங்களில் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவர்" என்று இருந்தது. எந்தக் கையில் ஊசி போடுவார்கள் என்பதாகத்தான் எவரும் அதைப் படிப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்குப் புதுக் களிம்பும் பாதிப் பேருக்கு வழக்கமான மருந்தும் தரப்படும் என்று மாற்றினோம். 20 மில்லிலிட்டர் ரத்தம் என்ற இடத்தில் நான்கு தேக்கரண்டி என்று எழுதினோம். பிறகு நான் கேட்டுக்கொண்டதன்பேரில், அந்தப் படிவத்தைப் புறநோயாளிப் பகுதியில் காத்திருந்த சிலரிடம் படித்துக்காட்ட இளம் மருத்துவர் ஒருவர் என்னோடு வந்தார். காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சீட்டு எனக்குப் பழைய மருந்துப் பக்கம் விழுந்துடுச்சுன்னு வையி. புதுசுதான் நல்லதுன்னு கடைசியில தெரிஞ்சா, எனக்கும் அதைக் குடுப்பீங்களா சாமி?"

இளம் மருத்துவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை. மறு மாதக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை அப்படியே படித்தோம். களிம்பு பயனுள்ளது என்று தெரிந்தால் மற்றப் பிரிவினருக்கும் ஆறு மாதத்துக்கு இலவசமாகத் தர வேண்டும் என்ற பத்தியும், அதற்கான செலவும் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பிறகே அனுமதி கொடுத்தோம்.